மேட்டில் ஏறிய சார்ஜ்

“கார் மலையேறுச்சு, சரி. கூடவே சார்ஜும் எப்படி ஏறுச்சு?”

முதலாளியம்மா கேட்டுவிட்டுக் கைபேசியை மேஜைமேல் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு புகைப்படங்கள். இரண்டிலும் ஒரே மின்சாரக் காரின் டாஷ்போர்டு. முதல் படம் மலையடிவாரக் காட்டுக்குள் நுழையும் கீழ் கேட்டில் எடுத்தது: சார்ஜ் ஒன்பது சதவீதம். இரண்டாவது படம் மலை உச்சியில், இதே கிளை அலுவலக வாசலில் எடுத்தது: பதினாலு சதவீதம்.

“மலைக்காத்து உடம்புக்கு நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க மேடம். காருக்கும் ஒத்துக்கிச்சு போல,” என்றாள் விசில்.

சர்வேயர் சிரிக்கவில்லை. சிரிக்க மாட்டார் என்று விசிலுக்குத் தெரியும். எட்டு வருஷமாக அவரிடம் உதவியாளராகக் குப்பை கொட்டுகிறாள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். வேலை போன பிறகும் அப்போது விழுந்த பட்டப்பெயர் போகவில்லை. சர்வேயரும் அப்படித்தான். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, ஓட்டியவர் சொல்வது நிஜமா புளுகா என்று எழுதிக்கொடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓட்ட மட்டும் தெரியாது. இரண்டாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். இன்று காலை பஸ்ஸில் மலையேறி வந்த மயக்கம் இன்னும் தீராமல், எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கருகே வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“முழுசாச் சொல்லுங்கம்மா,” என்றார், கண்ணைத் திறக்காமலே.

முதலாளியம்மாவிடம் நாற்பது டீசல் டாக்ஸிகள். அத்தனையையும் விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கும்படி ஷோரூம்காரர் ஒருவர் ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். நகரத்துக்குள் ஓட்ட மின்சாரக் கார் சரி. நகரத்திலிருந்து முந்நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த மலைக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. “ஒரே சார்ஜ்ல வரும். வேணும்னா உங்க டீசல் வண்டிகூட ஓட விட்டுப் பாருங்க,” என்று அவர் மார்தட்ட, நேற்று விடியற்காலை இரண்டு கார்களும் ஒன்றாகப் புறப்பட்டன. வழியில் திருட்டுத்தனமாகச் சார்ஜ் போடக்கூடாதென்று சார்ஜ் போடும் வாயில் காகிதம் ஒட்டி முதலாளியம்மாவே கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் கிழியவில்லை. மின்சாரக் கார் வந்து சேர்ந்தது. அதுவும் அரை நிமிஷம் முன்னால்.

“அப்போ ஜெயிச்சது ஜெயிச்சதுதானே? உங்களுக்கு ஏன் உறுத்துது?” என்று கேட்டார் சர்வேயர்.

“இங்கேருந்து வாரத்துக்கு நாலு ட்ரிப் ஆஸ்பத்திரிக்குத்தான் சார். ஆபரேஷன் ஆனவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதும் நாங்கதான். நடுவுல அறுபது கிலோமீட்டர் காடு. போன் சிக்னல் கிடையாது. தையல் பிரிக்காத ஆளைப் பின்சீட்டுல படுக்க வச்சுக்கிட்டு வண்டி அங்க படுத்துட்டா?” முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலம் நாலு மணிக்குக் கையெழுத்து. நாற்பது வண்டியும் போயிடும். போனா போனதுதான்.”

சர்வேயர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கிளை அலுவலகத்தின் பின்னால் தகரக் கொட்டகை. சாவி மாட்டும் பலகை, காற்றடிக்கும் மெஷின், மூலையில் தேய்ந்த டயர்கள். நேற்று வந்த இரண்டு கார்களையும் யாரும் துடைக்கக்கூடாதென்று முதலாளியம்மா உத்தரவு போட்டிருந்ததால் அவை வந்த கோலத்திலேயே நின்றன. வெள்ளை மின்சாரக் காருக்குப் பக்கத்தில் ஷோரூம்காரர் தங்கப் பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவரைப்போல் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

“இதுல மர்மமே இல்ல சார்! பிரேக் பிடிக்கிறப்பெல்லாம் இந்த வண்டி தானாவே சார்ஜ் ஏத்திக்கும். சக்கரம் சுத்தற வேகத்தைக் கரண்டா மாத்திடும். அறிவியல்!”

“இறக்கத்துல பிரேக் பிடிப்பாங்க. ஏத்தத்துல எதுக்குப் பிடிக்கணும்?”

“நடுவுல சின்னச் சின்னப் பள்ளம் இருக்கே சார்.”

“ரோடு போட்டவர் காதுல விழப்போகுது,” என்றாள் விசில்.

மின்சாரக் காரை ஓட்டி வந்தவள் ஷோரூமில் வேலை பார்க்கும் இளம்பெண். ஒல்லியாக, உறுதியாக, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். டீசல் காரை ஓட்டியவர் கம்பெனியின் மூத்த டிரைவர். அவரைக் கியர் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கியர் இல்லாத வண்டியை வண்டி என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர். மின்சாரக் கார் என்று யாராவது வாயெடுத்தால், “அந்தப் பொம்மையா?” என்பார். மூன்று வருஷமாக டிரைவர்கள் கொட்டகையில் இதே பாட்டு.

“பொம்மைகிட்ட தோத்துட்டீங்களே கியர் மாமா?” என்று விசில் சீண்டினாள்.

“வயசாயிடுச்சும்மா,” என்றார் அவர். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. விசிலுக்கு அது என்னவோபோல் இருந்தது. தோற்றவர்கள் காரணம் சொல்வார்கள். டயரைத் திட்டுவார்கள், ரோட்டைத் திட்டுவார்கள். இவர் வயதைத் திட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சர்வேயர் டீசல் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தார். காட்டுப் பூச்சிகள் அப்பியிருந்தன. ஈசல், தும்பி, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி வரை. மின்சாரக் காரின் முன்கண்ணாடிக்கு வந்தார். ஓரத்தில் நாலைந்து பூச்சிகள், மற்றபடி ஒன்றுமில்லை.

“காட்டுப் பூச்சிங்களுக்குக் கூட டீசல்தான் பிடிச்சிருக்கு,” என்றாள் விசில்.

சர்வேயர் கைக்குட்டையை எடுத்தார். சலவைக்குப் போய் வந்த வெள்ளைக் கைக்குட்டை. மின்சாரக் காரின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்து விசிலிடம் நீட்டினார். கரி. அடுப்படிச் சுவரைத் துடைத்ததுபோல் அப்படியொரு கரி. முகர்ந்து பார்த்தாள். டீசல் புகை.

“புகையே விடாத வண்டி இது, இல்லீங்களா?” என்று ஷோரூம்காரரிடம் கேட்டார் சர்வேயர்.

“சத்தியமா விடாது சார்!”

“நம்பறேன்.”

அதற்குள் அலுவலகப் பையன் இல்லாத குறைக்குக் கணக்கரே தட்டில் தேநீர் கொண்டுவந்தார். எல்லோரும் கிளாஸை எடுக்கும்போது இளம்பெண் அவசரமாகக் கையை நீட்டினாள். “அது சக்கரை போட்டதா? மாமாவுக்கு வேணாம்.”

கியர் மாமா கிளாஸைக் கீழே வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. விசில் கவனித்தாள்.

பதினொன்றரை மணி பஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர் கீழே, காடு முடிந்து மலை ஆரம்பிக்கும் இடத்தில் மேல் கேட். பஸ்ஸின் கண்டக்டர் விசிலோடு வேலை பார்த்தவள். ஜன்னல் சீட்டு கிடைத்தது. சர்வேயர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

“சார், புகை இல்லாத காருக்கு மூஞ்சில புகை. பூச்சி இல்ல. எனக்கு என்ன தோணுதுன்னா, அது வழிநெடுக ஒரு டீசல் வண்டியோட முதுகுக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. பூச்சியெல்லாம் முன்னால போன வண்டி வாங்கிக்கிச்சு. புகையை இது வாங்கிக்கிச்சு.”

“ம்.”

“எவ்வளவு ஒட்டின்னா, கயிறு கட்டற அளவுக்கு.”

“ம்.” கண்ணை மூடியபடியே சர்வேயர் சொன்னார்: “மின்சாரக் காரை இன்னொரு வண்டி இழுத்துட்டுப் போனா சக்கரம் சுத்தும். சக்கரம் சுத்தினா, இவ லேசா பிரேக் பிடிச்சமாதிரி வச்சிருந்தா, பேட்டரி ஏறும். காகிதம் கிழியாது. கிலோமீட்டரும் குறையாது. ஷோரூம்காரர் சொன்ன அறிவியல் சரிதான். அறுபது கிலோமீட்டரும் பிரேக் பிடிச்சுக்கிட்டே வந்திருக்காங்க.”

“யாரு இழுத்தது? ஷோரூம்காரர் ஒரு லாரியைக் காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாரோ?”

“அதைத்தான் பாக்கப் போறோம்.”

“இன்னொன்னு சார். ஊரே அவரைக் கியர் மாமான்னு கூப்பிடுது. முதலாளியம்மாகூட அப்படித்தான். அந்தப் பொண்ணு மட்டும் கியரை விட்டுட்டு மாமாங்கறா. அவருக்குச் சக்கரை ஆகாதுங்கற விஷயமும் அவளுக்குத்தான் தெரியுது.”

பஸ் ஏறியபின் சர்வேயர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார். பஸ் வளைவில் திரும்பியது. உடனே மூடிக்கொண்டார்.

மேல் கேட்டில் ஒரு காவலாளி, ஒரு மேஜை, ஒரு கம்பி. காட்டுக்குள் போகிற வண்டிக்குக் கீழ் கேட்டில் நேரம் குத்திய சீட்டு கொடுப்பார்கள். வெளியே வரும்போது இங்கே வாங்கி, வெளியேறிய நேரம் குத்திக் கம்பியில் செருகிவிடுவார்கள். காவலாளி நேற்றைய சீட்டுகளை உருவிக் கொடுத்தார். விசில் பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த விரல்களால் சரசரவென்று தள்ளினாள்.

“லாரி எதுவும் இல்ல சார். டீசல் கார் உள்ள போனது பத்து நாற்பது. மின்சாரக் கார் போனது பதினொண்ணு இருபது.”

“வெளிய வந்தது?”

விசில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒன்று இருபத்தைந்து.

“நாற்பது நிமிஷம் முன்னால போனவர், இவளுக்காகக் காட்டுக்குள்ள கோலமா போட்டுக்கிட்டிருந்தார்?”

“பஞ்சர்னு சொன்னாருங்க,” என்றார் காவலாளி. “ஒன்றரை மணி நேரத்துல தாண்டற காடு. ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டேன். முப்பது வருஷமா இந்த ரோட்டுல போறாரு, பஞ்சருன்னு அவர் வாயால கேட்டது நேத்துதான். கையில அழுக்கே இல்ல.”

திரும்பும் பஸ்ஸில் சர்வேயருக்கு மயக்கம்கூட வரவில்லை. விசிலுக்குத்தான் மனசு கனத்தது. ஷோரூம்காரர் மாட்டுவார் என்று ஆசையாக இறங்கிப் போனவள், வெள்ளை மீசைக்காரரான கியர் மாமாவை மாட்டிவிடத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் ஒப்பந்தக் காகிதம் விரிந்திருந்தது. ஷோரூம்காரர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். சர்வேயர் இரண்டு சீட்டுகளையும் அதன்மேல் வைத்தார்.

“ஜெயிச்ச காரைத் தோத்த கார் இழுத்துட்டு வந்திருக்கு.”

முதலாளியம்மா சீட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து கியர் மாமாவைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கியர் மாமா?”

“ஆமாம்மா. பாதிக் காட்டுல வழக்கமா வண்டியை நிறுத்தி பிளாஸ்க்ல இருக்கற தண்ணியைக் குடிப்பேன். நேத்தும் குடிச்சேன். பின்னால வர்றது என்னைத் தாண்டணுமேன்னு பார்த்தேன். தாண்டலை. மனசு கேக்கலை, திரும்பிப் போனேன். காட்டுக்குள்ள பதினஞ்சாவது கிலோமீட்டர்ல நின்னுக்கிட்டிருந்துது. சுத்திலும் ஒரு ஈ காக்கா இல்ல. இந்தப் பொண்ணு கதவை எல்லாம் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கா.”

“ஒன்பது சதவீதத்தோட எதுக்குக் காட்டுக்குள்ள வந்தே?” என்று முதலாளியம்மா இளம்பெண்ணிடம் திரும்பினார்.

“கேட்லேயே நின்னுடறேன்னு போன் பண்ணிக் கேட்டேன் மேடம். எங்கயும் நிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க.” அவள் ஷோரூம்காரரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். தங்கப் பேனா மெதுவாக மூடிக்குள் போனது.

“நீ இனிமே ஷோரூம் பக்கம் வரவேண்டாம்,” என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பேசாதீங்க,” என்றார் முதலாளியம்மா. கத்தவில்லை. ஷோரூம்காரர் பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

“யாரா இருந்தாலும் நான் இழுத்திருப்பேன்மா,” என்றார் கியர் மாமா. “காட்டுல நிக்கற வண்டியை விட்டுட்டுப் போறவன் டிரைவரே இல்ல. கேட்டுக்கு முன்னால கயிறை அவுத்துட்டோம். பேட்டரி நல்லாவே ஏறியிருந்துது. அவளே மலையேறிட்டா. அவ்வளவுதான் விஷயம்.”

முதலாளியம்மா கியர் மாமா பக்கம் திரும்பினார். “சிக்னல் வந்ததும் ஒரு போன் பண்ணியிருக்கலாமே? நான் கையெழுத்துப் போட்டிருந்தா? அடுத்த மாசம் அதே இடத்துல தையலோட ஒரு பேஷன்ட் உக்காந்திருப்பாரு. பூட்டிக்கிட்டு உக்காரக்கூட அவருக்குத் தெம்பு இருக்காது.”

கியர் மாமாவின் தலை இன்னும் கீழே இறங்கியது. சர்வேயர் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார். அவர் கைக்குட்டையை மடித்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

விசிலுக்குக் கேஸ் முடியவில்லை. ஏதோ கணக்கு இடித்தது. போன் பண்ணியிருந்தால் ஜெயித்தவர் இவர். மூன்று வருஷமாகப் பொம்மை பொம்மை என்று சொன்னதெல்லாம் நிரூபணமாகியிருக்கும். அந்தப் பெண் மருமகளோ, சொந்தக்காரப் பெண்ணோ, அவள் வேலை போய்விடுமென்று பயந்தால்கூட முதலாளியம்மாவிடம் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அத்தனையையும் விட்டுவிட்டு வயசாயிடுச்சு என்று ஒருவர் சொல்வாரா? அதைவிடப் பெரிய வெட்கம் ஏதாவது இருந்தால் ஒழிய?

அவள் சத்தமில்லாமல் எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

மின்சாரக் காரின் முன்பக்கக் கொக்கியில் நீலநிறக் கயிற்று நார் இரண்டு சிக்கியிருந்தது. டீசல் காரின் பின்பக்கக் கொக்கியிலும் அதே நீலம். எதிர்பார்த்ததுதான். பிறகு அவள் மின்சாரக் காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். டீசல் காரின் முன்பக்கத்துக்கு ஓடினாள். மண்டியிட்டாள். எஞ்சினுக்கு அடியில் தரையெல்லாம் ஈரம். பச்சை நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சார், கைக்குட்டையைப் பிரிங்க. கேஸ் பாதிதான் முடிஞ்சிருக்கு. நாம ஒரு பக்க டிக்கெட்தான் பார்த்தோம். ரிட்டர்ன் டிக்கெட் ஒண்ணு இருக்கு.”

“என்ன சொல்றீங்க?” என்றார் முதலாளியம்மா.

“மின்சாரக் காரோட பின்பக்கக் கொக்கியில நீலக் கயிறு. டீசல் காரோட முன்பக்கக் கொக்கியில நீலக் கயிறு. ரேடியேட்டர் ஒழுகிக்கிட்டிருக்கு.” விசில் கியர் மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “காட்டைத் தாண்டினதும் உங்க வண்டி கொதிச்சுப் போச்சு. அப்படித்தானே கியர் மாமா?”

கியர் மாமா சுவரைப் பார்த்தார். காதுமடல்கள் சிவந்துவிட்டன.

“எட்டாவது வளைவு,” என்றாள் இளம்பெண் மெதுவாக. “புகை புகையா வந்துச்சு. நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் என்னை இழுத்ததுல எஞ்சினுக்கு முடியலை. என் பேட்டரியில முப்பத்தஞ்சு சதவீதம் இருந்துச்சு. மாமா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கயிறைத் திருப்பிக் கட்டினேன். ஆபீசுக்கு முந்தின வளைவு வரைக்கும் இழுத்துட்டு வந்து அவுத்துவிட்டேன். கடைசி இருநூறு மீட்டரை மாமா தானா ஓட்டினாங்க.”

“அதான் அரை நிமிஷம் பின்னால,” என்றார் சர்வேயர். குரலில் அவமானமும் சந்தோஷமும் கலந்திருந்தன. “பதினாலு சதவீதம் ஏன் இவ்வளவு கம்மின்னு எனக்குத் தோணியிருக்கணும். அவ்வளவு தூரம் இழுத்தா நிறைய மிஞ்சியிருக்கணுமே.”

முதலாளியம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று கியர் மாமா பதறிப்போய் எழுந்தார். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பொம்மை உங்களை இழுத்துட்டு வந்துச்சுன்னு சொல்ல வெக்கம்! அதுக்காக நாற்பது வண்டியையும் வித்துத் தொலைக்க விட்டிருப்பீங்களே கியர் மாமா!”

“நாலு மணிக்கு முன்னால சொல்லிடணும்னுதாம்மா இருந்தேன்,” என்றார் அவர். “காலையிலேருந்து நாலு தடவை உங்க கதவு வரைக்கும் வந்தேன்.”

கணக்கர் தலையாட்டினார். வந்தது உண்மைதான்.

முதலாளியம்மா ஒப்பந்தக் காகிதத்தை மடித்து ஷோரூம்காரரிடம் நீட்டினார். “வண்டிமேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஊருக்குள்ள ஓட்ட எட்டு வண்டி எடுத்துக்கறேன். காட்டுக்குக் கீழ, கேட்டுக்குப் பக்கத்துல சார்ஜ் போடற இடம் ஒண்ணு வரட்டும், அப்புறம் மலைக்கு வர்றதைப் பேசலாம். அதுவரைக்கும் மலைக்கு டீசல்தான். இழுக்கற வேலை கொடுக்காம இருந்தா அது ஒழுங்கா வரும்.” பிறகு இளம்பெண்ணிடம் திரும்பினார். “அந்த எட்டு வண்டிக்கும் டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். உனக்கு இங்க வேலை இருக்கு. போன் பண்ணி நிக்கட்டுமான்னு கேட்டா, நில்லுன்னு சொல்ற கம்பெனி இது.”

ஷோரூம்காரர் எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, கிடைத்தவரை லாபம் என்று வெளியேறினார்.

வாசலில் சத்தம் கேட்டது. ட்ரிப் முடிந்து திரும்பிய கிளை டிரைவர்கள் ஆறேழு பேர் கதவருகே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். விஷயம் அதற்குள் கொட்டகைவரை போய்விட்டது. ஒருவன் துணிந்து கேட்டான்: “கியர் மாமா, உங்களை இழுத்துட்டு வந்தது யாரு, இந்தப் பொண்ணா?”

இளம்பெண் தரையைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதை இந்தக் கும்பலிடம் மூச்சுவிடாமல் மறைத்துவந்தவர் அவர்.

கியர் மாமா தொப்பியைத் தலையில் வைத்தார். மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.

“இந்தப் பொண்ணு இல்லடா. என் மருமக. என் மூத்தவன் பொண்டாட்டி,” என்றார், கொட்டகையில் கடைசியாக நின்றவனுக்கும் கேட்கும்படி. “உங்க வண்டி எதாவது மலையில படுத்துச்சுன்னா கூச்சப்படாமச் சொல்லுங்க. வந்து இழுத்துட்டுப் போவா.”